கழிவுநீர்ப் பாஸ்பரஸைப் பிடிக்கும் ஆலைக் கழிவுகள்: கேள்வி பதில்

எஃகு ஆலைகள் கழித்துக் கொட்டும் ஸ்லாக் (உலோகத்தை உருக்கும்போது பிரியும் கசடு), கழிவுநீரிலுள்ள சத்துகளை எப்படிப் பிடிக்கிறது? ஆய்வகத்துக்கு வெளியே எங்காவது இது நடந்திருக்கிறதா? (வேதியியல் மாணவி, திருச்சி)

சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியேறும் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் அதில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் பாஸ்பரஸ் கரைந்திருக்கும். ஏரியில் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருக அதுவே போதும். ஸ்லாக் அதை இரண்டு வழிகளில் பிடிக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த ஸ்லாக், நீர் பட்டதும் கால்சியத்தையும் காரத்தையும் வெளிவிடும், பி.எச். (அமில, கார அளவு; 7 நடுநிலை) 10-ஐத் தாண்டும் அந்த நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து, நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள அபடைட் போன்ற கனிமமாகப் படிந்துவிடும். சுண்ணாம்பு அதிகம் கரையாத ஸ்லாக்கில், மேற்பரப்பிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் நடுநிலை நீரிலேயே பாஸ்பேட்டைத் தம்மோடு ஒட்ட வைத்துக்கொள்ளும்.

நடைமுறையில் நான் முதலில் சுட்டுவது நியூசிலாந்தின் வையுக்கு நகரத்தை. ஆக்லாந்துக்குத் தெற்கே உள்ள அந்தச் சிறு நகரின் அருகிலேயே, கடற்கரை இரும்பு மணலிலிருந்து எஃகு செய்யும் கிளென்புரூக் ஆலை இருக்கிறது. அதன் உலை ஸ்லாக்கைப் பரப்பிய வடிகட்டும் படுகைகளை 1993-இல் அமைத்து, கழிவுநீர்க் குளங்களிலிருந்து வந்த நீரை அவற்றின் வழியே விட்டார்கள். முதல் 5 ஆண்டுகளில் மொத்தப் பாஸ்பரஸில் 77 சதவீதம் நீங்கியது. வெளியேறிய நீரில் சராசரியாக லிட்டருக்கு 2.3 மில்லிகிராம் மீந்தது. 11 ஆண்டுகளில் படுகைகள் பிடித்து வைத்தது 22.4 டன். அதில் 19.7 டன் முதல் 5 ஆண்டுகளிலேயே பிடிக்கப்பட்டுவிட்டது என்பதை இங்கே படிப்பவர்கள் தயவுசெய்து மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஐந்தாம் ஆண்டின் முடிவில் ஒரு கிலோ ஸ்லாக் தாங்கியிருந்த பாஸ்பரஸ் 1.23 கிராம், அதன் பிறகு படுகை ஏறத்தாழ நிறைந்துவிட்டது.

நைட்ரஜனையும் இதே படுகை நீக்குமா? (நகராட்சிப் பொறியாளர்)

நீக்காது. நைட்ரேட்டை ஸ்லாக் பிடித்து வைப்பதில்லை. அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுவது பாக்டீரியாக்களின் வேலை. அம்மோனியத்தை மட்டும், நிலக்கரிச் சாம்பலைக் காஸ்டிக் சோடாவுடன் சூடாக்கிச் செய்யும் ஜியோலைட் என்னும் நுண்துளைக் கனிமம் பிடிக்கும். ஆனால் அம்மோனியம் ஒட்டும் அதே இடங்களுக்கு நீரிலுள்ள கால்சியமும் சோடியமும் போட்டியிடும். ஆகவே நைட்ரஜனை உயிரியல் தொட்டியிலேயே முடித்துவிட்டு, ஸ்லாக் படுகையைக் கடைசிக் கட்டமாக வையுங்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் காற்றூட்டும் தொட்டியில் ஒரு மூட்டை ஸ்லாக்கைக் கொட்டலாமா?

கூடாது. காரம் ஏறினால் அந்தத் தொட்டியின் பாக்டீரியாக்கள் அழிந்துவிடும்.

மேட்டூரில் அலுமினிய ஆலையின் செஞ்சேறு குவிந்து கிடக்கிறது. அதைப் பயன்படுத்த முடியாதா? (மேட்டூர் வாசகர்)

அலுமினியத் தாதுவைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் செந்நிறக் கழிவான செஞ்சேற்றில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் நிறைந்திருப்பதால் அது பாஸ்பேட்டை நன்றாகவே பிடிக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பீல்-ஹார்வி நீர்ப்பிடிப்புப் பகுதியில், வயல் உரத்தின் பாஸ்பரஸ் மணல் நிலத்தினூடே கசிந்து கழிமுகத்தைக் கெடுத்தபோது, செஞ்சேற்றை நிலத்தில் பரப்பிப் பார்த்தார்கள். ஆயினும் புதிய செஞ்சேற்றின் பி.எச். 12, 13 வரை போகும். 2010 அக்டோபர் 4-ஆம் தேதி ஹங்கேரியின் அய்கா நகருக்கு அருகே செஞ்சேற்றுத் தேக்கம் உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள், தப்பியவர்களின் தோல் வெந்தது அந்தக் காரத்தால் நிகழ்ந்த கொடுமை. ஜிப்சத்தாலோ கடல்நீராலோ காரத்தைத் தணித்து, ஆர்சனிக், வனேடியம் கசிகின்றனவா என்று சோதித்து, மணலுடன் கலந்த பிறகே அதை எண்ணிப் பார்க்கலாம். கலக்காமல் இட்டால் அந்த நுண்துகள் படுகையை அடைத்துவிடும்.

ஆய்வுகளில் கிலோவுக்குப் பல கிராம் என்று வருகிறது. உங்கள் 1.23 கிராம் மிகக் குறைவு. என் கணக்கில் படுகை 30 ஆண்டு தாங்கும். (முனைவர் பட்ட ஆய்வாளர்)

குடுவைச் சோதனையில், பொடித்த ஸ்லாக்கை லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ள செயற்கைக் கரைசலில் இட்டுக் குலுக்குகிறோம். கழிவுநீரில் இருப்பதோ 5 அல்லது 10 மில்லிகிராம். படுகையில் இருப்பது ஜல்லி, பொடி அல்ல. கரிமப் பொருளும் பைகார்பனேட்டும் அதன் மேற்பரப்பை மூடிக்கொண்டே இருக்கும். குடுவையின் எண்ணை வைத்துப் படுகையின் ஆயுளைக் கணிக்கவே கூடாது.

அது ஒரு வகை ஸ்லாக்குக்கு மட்டும் பொருந்தும். சுண்ணாம்பு மிகுந்த எஃகு ஸ்லாக் வேறல்லவா? (அதே ஆய்வாளர்)

வேறுதான், அது கிலோவுக்கு இன்னும் கூடுதலாகப் பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பிடிப்பது சுண்ணாம்பு கரைந்துகொண்டிருக்கும் வரைதான். கழிவுநீரின் பைகார்பனேட் அந்தக் கால்சியத்தைக் கார்பனேட் ஓடாக மாற்றி, ஜல்லிகளை ஒன்றோடொன்று ஒட்டி, நீரோட்டத்தைத் தடுக்கும். வெளியேறும் நீரின் பி.எச். 11-க்கு மேல் இருந்தால் அதை ஓடையில் விடவே முடியாது. கார்பன் டை ஆக்சைடு செலுத்தித் தணிக்க வேண்டும், அந்தச் செலவு உங்கள் கணக்கில் இல்லை. பத்தாயிரம் பேர் உள்ள ஊரில், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் பாஸ்பரஸ் படுகைக்கு வருகிறது என்று கொள்ளுங்கள். ஆண்டுக்கு 3,650 கிலோ ஆகிறது. வையுக்குவின் விகிதத்தில் அனைத்தையும் பிடிக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 டன் ஸ்லாக் வேண்டும். உங்கள் ஸ்லாக் மூன்று மடங்கு பிடித்தாலும் 1,000 டன். முப்பது ஆண்டுக்கான குவியலை எங்கே பரப்பப் போகிறீர்கள்?

எந்த ஸ்லாக் எத்தனை ஆண்டு வரும்? (மூவர் தனித்தனியே கேட்டது)

மேலே உள்ள இரு பதில்களையும் படியுங்கள். உங்கள் ஊர்க் கழிவுநீரையே, நீங்கள் பயன்படுத்தப் போகும் அளவு ஜல்லி நிரப்பிய குழாயின் வழியே மாதக்கணக்கில் ஓடவிட்டுப் பாருங்கள். அதைத் தவிர வேறு விடை கிடையாது.

துருப்பிடிக்கா எஃகு ஸ்லாக்கைப் பயன்படுத்தலாமா? (சேலம்)

அதில் குரோமியம் இருக்கும். கசிவுச் சோதனை செய்யாமல் நீரில் இடாதீர்கள்.

நிறைந்துபோன ஸ்லாக்கை வயலுக்கு உரமாகத் தரலாமா? (விவசாயி)

பாஸ்பரஸ் மிகுந்த இரும்பை எஃகாக மாற்றியபோது கிடைத்த தாமஸ் ஸ்லாக்கை ஐரோப்பிய விவசாயிகள் நெடுங்காலம் உரமாகவே வாங்கினார்கள். நிறைந்த படுகை ஸ்லாக்கில் கிலோவுக்கு ஒன்றிரண்டு கிராம் பாஸ்பரஸே இருப்பதால், தொலைவுக்கு லாரியில் ஏற்றினால் வாடகைக்கே கட்டாது. படுகைக்கு அருகே அமில மண் இருந்தால், கன உலோகச் சோதனைக்குப் பிறகு சுண்ணாம்புக்குப் பதிலாக இடலாம். கார மண்ணில் அந்தக் கால்சிய பாஸ்பேட் கரையாது, பயிருக்குக் கிடைக்கவும் கிடைக்காது.