0.196 அடிக்கும் இளைஞரை வைத்துக்கொள்வதா, விடுவதா?

நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பதினான்கு வயது மகனும் அவருமாகச் சேர்ந்து ஒரு ஃபேன்டசி பேஸ்பால் அணியை, அதாவது நிஜ ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து அவர்களின் எண்களை வைத்துப் போட்டியிடும் கற்பனை அணியை, நடத்துகிறார்கள். மகனின் பிடிவாதத்தால் 22 வயதுப் புதுமுகம் ஒருவரை அதில் சேர்த்திருக்கிறார்கள். மையக் களத்தில் நிற்பவர், இடக்கை மட்டையாளர். "31 ஆட்டம் ஆகிவிட்டது, சராசரி 0.196. கடைசி ஐந்து ஆட்டங்களில் இரண்டில் அவருடைய நிஜ அணி அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது. எங்கள் ஃபேன்டசி லீக்கில் இருக்கும் நண்பர்கள் எல்லாரும் அவரை விட்டுவிடச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். இந்த எண்களை எப்படிப் படிப்பது? தினமும் காலையில், ஏன் அவரை ஆடவிடவில்லை என்று கேட்கும் மகனுக்கு என்ன சொல்வது?" என்று கேட்கிறார். கணக்கையும் இணைத்திருக்கிறார்: 104 முறை மட்டை பிடித்ததில் 18 ஹிட் (அடித்துவிட்டு, ஓடி எட்ட வேண்டிய பேஸ் என்ற இடத்தை எட்டியவை), அந்த ஹிட்டுகளில் 3 ஹோம் ரன் (மைதானத்துக்கு வெளியே பறந்த அடி). இவை தவிர 10 வாக் (நான்கு மோசமான பந்துகளை விட்டதால் முதல் பேஸுக்கு நடந்தவை), 29 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்).

இந்த ஞாயிற்றுக்கிழமை அவரை விடாதீர்கள். ஏன் என்பதை மகனோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் அந்த 0.196. மட்டை பிடித்த 104 முறையில் வாக் போன்றவை சராசரிக் கணக்கில் சேராது. அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 92. 18-ஐ 92-ஆல் வகுத்தால் 0.196. இதோடு இன்னும் ஐந்தே ஐந்து ஹிட் சேர்ந்திருந்தால் சராசரி 0.250 ஆகியிருக்கும். 2024-இல், இந்த ஆட்டத்தின் உச்ச மட்டமான மேஜர் லீக் முழுவதன் சராசரியே 0.243தான். ஆக, உங்கள் இளைஞருக்கும் எல்லாரையும் போன்ற ஒரு மட்டையாளருக்கும் நடுவில் இருப்பது ஐந்து ஹிட். ஒரு வாரத்துக்கு ஒன்று என்றுகூட வராது. டைவ் அடித்துப் பிடிக்கப்பட்ட ஒரு பந்து, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் கைக்கே நேராகப் போன இன்னொரு பந்து என்று ஐந்து ஹிட் எளிதில் போய்விடும். உண்மையிலேயே 0.250 அடிக்கும் திறமை உள்ள ஒருவர் 92 முறையில் 18 ஹிட்டோ அதற்கும் குறைவாகவோ எடுக்கும் வாய்ப்பை நிகழ்தகவுக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஏழில் ஒரு பங்கு வருகிறது. அதாவது திறமையில் எந்தக் குறையும் இல்லாத ஏழு பேரில் ஒருவர் இதே மே மாதத்தில் இதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார்.

அதற்காக இந்த 104 முறை ஒன்றுமே சொல்லவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். சராசரிதான் சொல்லவில்லை, அட்டவணையில் அதன் பக்கத்துப் பத்திகள் பேசத் தொடங்கிவிட்டன. ஸ்ட்ரைக்அவுட் விகிதத்தை சுமார் 60 முறையிலேயே ஓரளவு நம்பலாம், வாக் விகிதத்துக்கு 120 முறை வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் புள்ளியியலில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. சராசரி அப்படி நிலைபெற ஒரு முழுப் பருவம்கூடப் போதாது. காரணம் எளிது. மட்டையில் படாத பந்தில் களத்தில் நிற்பவர்களுக்கு வேலையில்லை. அது பந்தை எறியும் பிட்சருக்கும் மட்டையாளருக்கும் இடையிலான விவகாரம். மட்டையில் பட்டுவிட்டால், எதிரே நிற்கும் ஏழெட்டுப் பேரின் கால்களும் காற்றும் புல்லும் கணக்கில் வந்துவிடும்.

உங்கள் இளைஞர் 104-இல் 29 முறை ஸ்ட்ரைக்அவுட், ஏறக்குறைய 28 விழுக்காடு. லீக்கின் பொது அளவு 22, 23 விழுக்காடு. கூடுதல்தான், ஆனால் 22 வயதுக்கு இது அபாயக் கோடு இல்லை. வாக் 9.6 விழுக்காடு, இது பொது அளவைவிடச் சற்று மேல். எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்த எண் அதுதான். அடிக்க முடியாமல் தவிக்கும் ஒரு புதுமுகம் பதற்றத்தில் எல்லாப் பந்துக்கும் மட்டையை வீசுவார். இவர் வீசவில்லை. ஹோம் ரன்னையும் ஸ்ட்ரைக்அவுட்டையும் ஒதுக்கிவிட்டு, களத்துக்குள் போன பந்துகளை மட்டும் எடுத்தால் இவருக்கு 0.246 வருகிறது. லீக்கில் இந்த எண் அண்மை ஆண்டுகளில் 0.290-ஐ ஒட்டியே இருக்கிறது. இந்த இடைவெளி பெரும்பாலும் அதிர்ஷ்டக் குறைவு. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். மெல்லிய அடிகளாகவே அடித்துக்கொண்டிருந்தாலும் இந்த எண் இறங்கும். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் ஒவ்வொரு அடியின் வேகத்தையும் அளக்கின்றன. அந்தக் கணக்கை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மணிக்கு 95 மைலுக்கு மேல் பறக்கும் அடியைத்தான் பலமான அடி என்கிறார்கள். அவர் மட்டையில் பட்ட பந்துகளில் பத்துக்கு நான்கு அப்படிப் பறந்தால் கவலையை விடுங்கள். பத்துக்கு இரண்டுதான் என்றால் நான் மேலே சொன்ன ஆறுதலில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எண்களைவிட நான் அதிகம் நம்புவது ஒன்று உண்டு. மேஜர் லீக்குக்குக் கீழ்மட்டமான மைனர் லீக்கின் ஒரு மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு மாலைகள் உட்கார்ந்திருந்தேன். முதல் மாலை, ஓர் இளம் இடக்கை மட்டையாளருக்கு எதிராக ஓர் இடக்கைப் பிட்சர். இந்த இணையின் கொடுமையை அருகிலிருந்து பார்த்தால்தான் புரியும். பந்து மட்டையாளரின் தோளுக்குப் பின்னாலிருந்து புறப்படுவதுபோல் தெரியும். உடம்பில் படப்போகிறது என்று முன்னிடுப்பு தானாகவே விலகும். அதே நொடியில், கடைசியில் பக்கவாட்டில் வளையும் ஸ்லைடர் என்ற அந்தப் பந்து, மட்டையாளர் அருகே தரையில் பதித்த தட்டின் குறுக்கே வழுக்கி, வெளிவிளிம்பையும் தாண்டித் தரையோரமாக ஓடிவிடும். அந்த இளைஞர் மூன்று முறை அதைத் துரத்தினார், மூன்று முறையும் மட்டைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மறுநாள் மாலை, ஏழாவது இன்னிங்ஸில் களமிறங்கிய வேறோர் இடக்கைப் பிட்சர் அதே பந்தை அதே இடத்தில் எறிந்தார். அதே இளைஞரின் கைகள் புறப்பட்டன. பாதி வழியில் நின்றன. மட்டையின் நுனி நடுங்கியது தெரிந்தது. நடுவர் பால், அதாவது மோசமான பந்து, என்றார். இரண்டு பந்து கழித்து வாக் வாங்கி முதல் பேஸுக்கு நடந்தார். ஒருவரும் கைதட்டவில்லை. நான் என் ஸ்கோர் புத்தகத்தில் அந்தக் கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டேன். முந்தின நாள் துரத்திய பந்தை இன்று விடுகிறாரா? மகனைப் பார்க்கச் சொல்லுங்கள், உங்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவான்.

ஆரன் ஜட்ஜ் என்ற பெயர் உங்கள் வீட்டில் தெரிந்திருக்கும். 2016 ஆகஸ்டில் நியூ யார்க் யாங்கீஸுக்கு வந்தார், முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன். அதன்பின் 27 ஆட்டங்களின் முடிவில் அவருடைய சராசரி 0.179. மட்டை பிடித்த 95 முறையில் 42 ஸ்ட்ரைக்அவுட், அதாவது 44 விழுக்காடு. உங்கள் இளைஞரோடு ஒப்பிட்டால் இந்த இரண்டு எண்ணும் மோசம். அடுத்த ஆண்டு அதே மனிதர் 52 ஹோம் ரன் அடித்தார், மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்க லீக்கின் சிறந்த புதுமுகம் ஆனார். அந்த ஆண்டும் 208 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனார் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் விகிதம் 31-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. 127 வாக் வாங்கியிருந்தார். மோசமான பந்தை விடக் கற்றுக்கொண்டார், நல்ல பந்து தேடி வந்தது.

மைக் ட்ரௌட்டும் 2011-இல் 40 ஆட்டங்களில் 0.220 அடித்தவர்தான், மறு ஆண்டு 0.326, 30 ஹோம் ரன், 49 திருடிய பேஸ் (பந்து அடிபடாமலே ஓடிப் பிடித்தவை).

இந்தக் கதைகளின் மூத்த கதை வில்லி மேஸுடையது. 1951 மே மாதம், மைனர் லீக் அணியான மினியாபோலிஸில் 35 ஆட்டங்களில் 0.477 அடித்துக்கொண்டிருந்த 20 வயது இளைஞரை நியூ யார்க் ஜயண்ட்ஸ் அழைத்துக்கொண்டது. முதல் 12 முறை ஒன்றுமில்லை. பிறகு வாரன் ஸ்பான் என்ற பிட்சரின் பந்தில் ஒரு ஹோம் ரன். பிறகு மறுபடி வறட்சி. 26 முறையில் அந்த ஒரே ஹிட். உடைந்துபோய் அழுதார், தன்னை மைனர் லீகுக்கே திருப்பி அனுப்பிவிடச் சொன்னார். மேலாளர் லியோ டுரோச்சர் கேட்கவில்லை. தான் இருக்கும்வரை மையக் களத்தில் நீதான் என்று சொல்லி மறுநாளும் இறக்கினார். பருவ முடிவில் 0.274, 20 ஹோம் ரன், சிறந்த புதுமுகம் விருது. டுரோச்சர் அன்று பார்த்தது மேஸின் மட்டையை மட்டுமல்ல, மையக் களத்தில் அவர் ஓடிய ஓட்டத்தையும்தான்.

எல்லாரும் இப்படி முளைத்துவிடுவதில்லை, அதையும் மகனிடம் மறைக்க வேண்டாம். ஜாரெட் கெலெனிக் 2021-இல் சியாட்டில் மரைனர்ஸுக்கு வந்தபோது நாட்டின் தலைசிறந்த இளம் ஆட்டக்காரர்களில் ஒருவராக எண்ணப்பட்டவர். முதல் 83 முறையில் 8 ஹிட். மைனர் லீக் அணியான டகோமாவுக்கு அனுப்பி, திரும்ப அழைத்து, நிறையவே ஆடவிட்டார்கள். 93 ஆட்டங்களில் 0.181. மறு ஆண்டு 54 ஆட்டங்களில் 0.141. வாய்ப்பு கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு இந்த ஆட்டத்தில் உத்தரவாதம் இல்லை.

இனி, ஆடும் நேரம். நண்பர்கள் தவறாகப் படிப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். பெஞ்சில் எத்தனை நாள் உட்கார்ந்தார் என்பதை மட்டும் எண்ணாதீர்கள். அந்த இரண்டு நாளும் எதிரணியின் பிட்சர் எந்தக் கை என்று தேடிப் பாருங்கள். இரண்டு நாளும் இடக்கைப் பிட்சர் என்றால் அது தண்டனை இல்லை. மேலே சொன்ன ஸ்லைடரிடமிருந்து இளைஞரைக் காப்பாற்றும் பழைய பழக்கம் அது. மேஜர் லீக்கில் ஏறக்குறைய நாலில் ஒரு ஆட்டம் இடக்கைப் பிட்சரோடுதான் தொடங்கும். ஆகவே உங்கள் இளைஞருக்கு முக்கால் பங்கு ஆட்டம் உறுதி. ஃபேன்டசி அணிக்கு அது குறைதான், விட்டுவிடும் அளவுக்கு இல்லை. மாறாக, வலக்கைப் பிட்சர் எறிந்த நாளிலும் அவரை உட்கார வைத்திருந்தால், அது இருமுறை நடந்தால், மைனர் லீக்கின் உச்ச மட்டமான டிரிபிள் ஏ-வுக்குப் பெட்டி கட்டச் சொல்லப்போகிறார்கள் என்று பொருள். 22 வயதுக்காரரைத் தினமும் சும்மா உட்காரவைப்பதை எந்த அணியும் விரும்பாது. கீழே அனுப்பினால் நாளுக்கு நான்கு முறை மட்டை பிடிப்பார்.

மட்டை பிடிக்கும் வரிசையில் எத்தனாவது இடம் என்பதையும் பாருங்கள். ஓர் இடம் கீழே இறங்கினால் முழுப் பருவத்தில் சுமார் 18 வாய்ப்பு போகும். எட்டாவது, ஒன்பதாவது இடத்தில் இருந்தவரை ஆறாவதுக்கு ஏற்றினால், சராசரி எதுவானாலும், மேலாளர் எதையோ பார்த்திருக்கிறார்.

திறமைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கணக்கும் உண்டு, அதுதான் மனதை நோகடிக்கும். புதுமுகங்களை மூன்று பருவங்கள்வரை மைனர் லீகுக்கும் மேலுக்குமாக அணி விருப்பப்படி மாற்றலாம். அந்த வாய்ப்பு தீர்ந்துபோன மூத்த வீரரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால், முதலில் மற்ற 29 அணிகளும் அவரை எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட வேண்டும். காயத்திலிருந்து ஒரு மூத்த வெளிக்களக்காரர் திரும்பி வரும் நாளில், நன்றாக ஆடும் இளைஞரைக் கீழே அனுப்பி, சுமாராக ஆடும் முப்பது வயதுக்காரரை வைத்துக்கொள்வது இதனால்தான். அனுப்பப்பட்டவர் பொதுவாகக் குறைந்தது 10 நாள் அங்கே இருந்தாக வேண்டும். எனவே அணியின் காயப் பட்டியலை வாரம் ஒருமுறை பார்த்துவையுங்கள்.

உங்களுக்குச் சாதகமான ஒன்று, அவர் மையக் களத்தில் நிற்பது. நல்ல மையக் களக்காரருக்கு மட்டை கைகொடுக்கும்வரை கையுறை சோறு போடும். ஜாக்கி பிராட்லி ஜூனியர் 2014-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு 0.198-தான் அடித்தார், ஆனாலும் 127 ஆட்டங்களில் இறங்கினார், பந்தைப் பிடிப்பதற்காகவே. 2016-இல் தொடர்ந்து 29 ஆட்டங்களில் ஹிட் அடித்து, சிறந்த வீரர்களின் ஆல் ஸ்டார் அணிக்குத் தேர்வானார். இதே சராசரியோடு இடக் களத்தில் நிற்பவராக இருந்திருந்தால் உங்களுக்கு வேறு பதில் எழுதியிருப்பேன்.

ஆக, 200 முறை மட்டை பிடிக்கும்வரை பொறுங்கள். ஜூன் கடைசி வாக்கில் அது வந்துவிடும். அதற்குள் ஸ்ட்ரைக்அவுட் 35 விழுக்காட்டைத் தாண்டி, வாக்கும் பாதியாகக் குறைந்திருந்தால் சராசரியைப் பார்க்காமலே விட்டுவிடுங்கள். இரண்டும் இப்போதுள்ள அளவில் நின்றால், சராசரி 0.215 ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு உங்கள் ஃபேன்டசி அணியில் அவரை வலக்கைப் பிட்சர் வரும் நாட்களில் மட்டும் இறக்குங்கள். மற்ற நாட்களுக்கு வலக்கை மட்டையாளர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மகன் நாளைக் காலை மறுபடியும் கேட்டால், அன்றைய எதிரணிப் பிட்சர் எந்தக் கை என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அப்படியே ஒரு ஸ்கோர் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள்.