மூன்று கடனை ஒன்றாக்கலாமா?

கேள்வி: எனக்கு மூன்று கடன் இருக்கிறது. கிரெடிட் கார்டில் 1 லட்சம் பாக்கி, மாதம் 3 சதவீத வட்டி, மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய 5,000 மட்டும் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பர்சனல் லோனில் இன்னும் 1 லட்சம் அசல் நிற்கிறது, ஆண்டுக்கு 14 சதவீதம், பாக்கி 12 தவணை, மாதம் 8,979. மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கிய 50,000 தனி. இப்போது ஒரு வங்கியிலிருந்து கூப்பிட்டு, 12 சதவீதத்தில் 2.5 லட்சம் தருகிறோம், எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள், ஐந்து வருடம், மாதம் 5,561தான் என்கிறார்கள். பிராசஸிங் கட்டணம் 2 சதவீதமாம். இப்போது கட்டுவதில் பாதிகூட இல்லையே, வாங்கிவிடலாமா?

பதில்: மூன்றையும் சேர்த்து வாங்காதீர்கள். கார்டு பாக்கிக்கு மட்டும் வாங்குங்கள், அதையும் ஐந்து வருடத்துக்கு இழுக்காதீர்கள்.

முதலில் அந்தப் பர்சனல் லோனைப் பாருங்கள். 14 சதவீதம் என்பதால் அதை 12-க்கு மாற்றினால் லாபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மீதியிருக்கும் 12 தவணையில் நீங்கள் கட்டப்போகும் வட்டி மொத்தமே சுமார் 7,745தான். அதே 1 லட்சத்தை 12 சதவீதத்தில் 60 மாதத்துக்கு நீட்டினால் வட்டி மட்டும் 33,467 ஆகிறது. சதவீதம் குறைந்தும் வட்டி நாலு மடங்குக்கு மேல் போய்விட்டது, காரணம் காலம்தான். தவணை சின்னதாகத் தெரிவதும் அதனால்தான், போனில் பேசியவர் மாதத் தொகையை மட்டும் அழுத்திச் சொன்னதும் அதனால்தான். இந்தக் கடன் இன்னும் ஒரு வருடத்தில் தானாக முடியப்போகிறது, அதைக் கிளப்பவே வேண்டாம். கிளப்பினால் முன்கூட்டியே அடைப்பதற்கு ஒரு கட்டணம் வேறு கேட்கலாம்.

மைத்துனர் பணத்துக்கு வட்டியே இல்லை. அதற்குப் போய் ஐந்து வருடத்தில் 16,700-க்கு மேல் வட்டி கட்டுவானேன்? பேச்சு கேட்க வேண்டியிருக்கிறது, விசேஷ வீடுகளில் முகம் பார்க்க முடியவில்லை என்றால் அது வேறு விஷயம், அந்த நிம்மதிக்கு விலை இவ்வளவு என்று தெரிந்து முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் எந்த மாதத்திலிருந்து எவ்வளவு தருவேன் என்று தேதி சொல்லிவிட்டு வருவேன்.

உங்களை உண்மையில் கரைப்பது கார்டுதான். கட்டும் 5,000-ல் 3,000 வட்டிக்கே போகிறது, அசலில் கழிவது 2,000. இதில் புதிதாக ஏதாவது தேய்த்தீர்கள் என்றால், பெரும்பாலான கார்டுகளில் பழைய பாக்கி இருக்கும்வரை வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். ஆகவே கார்டு பாக்கி 1 லட்சத்தை மட்டும் 12 சதவீதத்தில் 24 மாதக் கடனாக மாற்றுங்கள். தவணை 4,707, மொத்த வட்டி சுமார் 13,000, கட்டணம் 2,000. இதே 4,707-ஐ மாதாமாதம் கார்டிலேயே கட்டி வந்தால் முடிய 34 மாதத்துக்கு மேல் ஆகும், வட்டி 61,000-ஐத் தாண்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 8,979-உம் 4,707-உம் சேர்ந்து 13,686. நீங்கள் இன்றைக்குக் கட்டும் 13,979-ஐவிடக் கொஞ்சம் குறைவுதான். 13-ஆவது மாதம் பர்சனல் லோன் முடிந்து 8,979 கையில் நிற்கும், ஆறு மாதத்தில் மைத்துனர் கணக்கும் தீர்ந்துவிடும். பர்சனல் லோன், கார்டுக் கடன் இரண்டுக்கும் வட்டி மொத்தம் 21,000-க்குள். அவர்கள் சொன்னபடி எல்லாவற்றையும் சேர்த்திருந்தால் 83,667.

மாதம் 13,686 கட்டவே முடியாது, சாப்பாட்டுக்கே இடிக்கிறது என்றால் கார்டுக் கடனை 36 மாதமாக்கிக்கொள்ளுங்கள். தவணை 3,321-க்கு இறங்கும், வட்டி 19,572 ஆகும்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம். 12 சதவீதம் என்பது குறைந்துவரும் அசலுக்கா, பிளாட்டா (அசல் குறைந்தாலும் கடைசிவரை முழுத் தொகைக்கும் வட்டி) என்று எழுத்தில் வாங்குங்கள். பிளாட் என்றால் அதே 24 மாதத்துக்கு வட்டி 13,000 இல்லை, 24,000. அப்புறம், கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்களா என்று கேளுங்கள். 1 லட்சம் என்று நினைத்துப் போனால் கணக்கில் 98,000 விழும், கார்டில் 2,000 நின்றுபோய் அதற்கு மறுபடி 3 சதவீதம் ஓடும்.

பாக்கி தீர்ந்த கார்டுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். லிமிட் முழுக்கத் திரும்பக் கிடைத்திருக்கும், பண்டிகை நேரத்தில் கை அரிக்கும். லிமிட்டைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டை அடமானம் வைத்தால் 9 சதவீதத்துக்கே கிடைக்கிறது. கார்டு பாக்கி 1 லட்சத்தை அதில் அடைத்தால் என்ன?

பதில்: கார்டு பாக்கி கட்டாவிட்டால் போன் மேல் போன் வரும், கடன் வாங்கும் தகுதியைக் காட்டும் கிரெடிட் ஸ்கோர் விழும், வழக்குகூட வரலாம். அடமானக் கடன் கட்டாவிட்டால் வீடே ஏலத்துக்கு வரும். அதுவும் 15 வருடத்துக்கு எடுத்தால் 9 சதவீதத்திலும் வட்டி 82,500-ஐத் தாண்டுகிறது. வேண்டாம். மேலே சொன்ன 24 மாதக் கணக்கையே நீங்களும் போட்டுப் பாருங்கள்.