என் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் டர்போ காருக்கு மலிவான 'யூனிவர்சல்' ஆக்சிஜன் சென்சார் போடலாமா?

வேண்டாம். ஆக்சிஜன் சென்சார் என்பது எக்சாஸ்ட் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி; 'யூனிவர்சல்' என்றால் பல வண்டிகளுக்கும் பொதுவாக விற்பது. உங்கள் சுபாரு டபிள்யூஆர்எக்ஸுக்கு, சேசிஸ் எண்ணைக் கொடுத்து அதற்குரிய பாக எண்ணிலேயே கேளுங்கள்.

முதலில் எந்தச் சென்சார் என்று பாருங்கள். கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) முன்னால் இருப்பதுதான் எரிபொருள் அளவைத் தீர்மானிக்கிறது. இப்போதைய டர்போ வண்டிகள் பலவற்றில் அது வைட்பேண்ட் வகை. காற்று, பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும். பின்னால் இருப்பது பெரும்பாலும் நேரோபேண்ட். 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கி, கலவை கெட்டியா (பெட்ரோல் அதிகம்) நீர்த்ததா (பெட்ரோல் குறைவு) என்று மட்டும் சொல்லும். ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது. பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறும்போது கலவை நீர்த்துப்போனால் பிஸ்டனே உருகலாம், அதனால் முன் சென்சாரில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

வண்டியோடு வந்த தயாரிப்பையே வாங்குவது என் வழக்கம். சுபாரு, டொயோட்டாவுக்குப் பெரும்பாலும் டென்சோ. ஐரோப்பிய வண்டிகளுக்கு பாஷ். யூனிவர்சலில் வயரை வெட்டி ஒட்ட வேண்டும். சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் வயர் மாறினால் புதுச் சென்சாரும் போச்சு.

வண்டியின் கம்ப்யூட்டரில் பி0420 என்ற பழுதுக் கோடு வந்ததென்று உடனே வாங்கிவிடாதீர்கள். அது கன்வர்ட்டரின் திறனைப் பற்றியது. எக்சாஸ்ட் கசிவு இருந்தாலும் வரும். சிங்கப்பூரில் காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் லைவ் டேட்டா (ஓடும்போது சென்சார் காட்டும் அளவுகள்) பார்க்கச் சொல்லுங்கள். பத்து வயது தாண்டிய வண்டி என்றால் ஆண்டுதோறும் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு, புகைச் சோதனையும் சேர்த்து; சென்சார் கெட்டிருந்தால் அந்தத் தேதிக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

மாட்டும்போது ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடவும் பசை) மரையில் மட்டும், சென்சார் முனையில் படக்கூடாது.