உப்புப் பார்க்கவே பயமாக இருக்கிறது

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 44. திருநெல்வேலியில் இருக்கிறேன். கணவர் அரசு ஊழியர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஆச்சியிடம் சமையல் கற்றவள் நான். எங்கள் சொந்தத்தில் மறுவீட்டு விருந்து என்றால், தேங்காய்ப்பால் குழம்பான சொதி வைக்க என்னைத்தான் அழைப்பார்கள். எல்லோரும் புகழ்வதைக் கேட்டு வளர்ந்த மகள், ஒரு தொலைக்காட்சி சமையல் போட்டிக்கு என் பெயரைப் பதிவு செய்துவிட்டாள். தேர்வுச் சுற்றில் தேறி, சென்னைக்குப் போனேன்.

அங்கும் சொதிதான் வைத்தேன். மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்த்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து விட்டு, கடைசியில் முதல் பால் ஊற்றி நுரை கட்டியதும் இறக்கினேன். சற்று ஆறிய பிறகே எலுமிச்சை பிழிந்தேன். பால் திரியவில்லை. அடுப்பருகே வந்து ருசி பார்த்த நடுவர் ‘அருமை’ என்று தலையாட்டினார். நேரம் முடிந்ததும் எல்லோரையும் கையைத் தூக்கச் சொன்னார்கள். அதன் பிறகு விளக்குகளை மாற்றினார்கள், தட்டுகளைப் படம் எடுத்தார்கள், ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் முறை வந்தபோது சொதியின் மேல் வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. இன்னொரு நடுவர் அதைக் கரண்டியால் ஒதுக்கிக் காட்டி, “இதை யார் சாப்பிடுவார்கள்?” என்று கேட்டார். அன்றே என்னை வெளியேற்றிவிட்டார்கள்.

ஒளிபரப்பில் அந்த ‘அருமை’ இல்லை. ஏடு இருந்தது, நான் கண்ணைத் துடைத்துக்கொள்வது இருந்தது. அதையே முன்னோட்டமாக ஒரு வாரம் போட்டார்கள். கொழுந்தனார் அந்தத் துண்டுக்கு ஒரு சிரிப்புப் பாட்டைச் சேர்த்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் விட்டார்.

இப்போது ரசத்துக்கு உப்புப் போட்டால்கூடச் சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை. திரும்பத் திரும்ப உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்கக் குழம்புகிறது. மகளைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். அவள் சரி என்றாலும் மனம் ஒப்பவில்லை. இரவில் விழிப்பு வந்தால் செல்பேசியில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, அதன் கீழே முகம் தெரியாதவர்கள் எழுதியிருப்பதையும் படிக்கிறேன். “ஒரு போட்டிக்கு இத்தனை அழுகையா?” என்கிறார் கணவர். தையில் மதினி மகளுக்குக் கல்யாணம். மறுவீட்டுச் சொதி என் பொறுப்பு என்று மதினி சொல்லிவிட்டார். எனக்கு ஏதாவது மனநோயா? மறுவீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த ஏட்டைப் பற்றிப் பேசிவிடுவோம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். முதல் பாலில் அந்தக் கொழுப்புதான் நிறைய. குளிரூட்டிய அரங்கில் நெடுநேரம் காத்திருந்தால் அது மேலே வந்து படியத்தான் செய்யும். உங்கள் ஆச்சி வைத்த சொதியும் அங்கே படிந்திருக்கும். இறக்கியவுடன் சோற்றில் ஊற்ற வேண்டிய குழம்பு அது. படப்பிடிப்பில் தட்டு நடுவர் முன் போவதற்குள் ஆறிப்போவது வழக்கம் என்பதால்தான் இப்படிப்பட்ட பல நிகழ்ச்சிகளில் சமைக்கும்போதே அடுப்பருகில் ருசி பார்க்கிறார்கள். உங்கள் சொதியைச் சூடாக ருசித்தவர் ஒருவர்தான். அவர் சொன்னதை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஏட்டைச் சொன்னவரைத்தான் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் சிக்கல் இப்போது அந்தச் சொதியைத் தாண்டி, தினசரி ரசம் வரைக்கும் வந்துவிட்டது. கைப்பக்குவம் என்பது யோசிக்காமல் வருவது. எத்தனை சிட்டிகை என்று உங்கள் ஆச்சியைக் கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது, ஆனால் உப்பு சரியாக இருந்திருக்கும். பழகிப்போன வேலையை ஒவ்வொரு அசைவாகக் கவனிக்கத் தொடங்கினால் அது தடுமாறும். ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வுகள், நெருக்கடியில் தேர்ந்தவர்களும் சொதப்புவதற்கு இந்தத் தற்கவனிப்பைத்தான் காரணமாகக் காட்டின. கேமராக்கள் உங்களை அப்படிக் கவனித்தன. அவை போன பிறகும் அந்த வேலையை நீங்களே செய்துகொண்டிருக்கிறீர்கள்.

உப்பு விஷயத்தில் ஒன்று உண்டு. அடுத்தடுத்து ருசி பார்த்தால் நாக்கு அந்தச் சுவைக்குப் பழகி மரத்துப்போகும். ஆகவே குழம்புவது உங்கள் மனம் மட்டுமல்ல. மகளைக் கேட்பது அந்த நொடிக்கு ஆறுதல் தந்தாலும், ‘என் நாக்கை நம்ப முடியாது’ என்ற எண்ணத்துக்கு அதுதான் தீனி போடுகிறது. எனவே, ரசம் நுரை கட்டும்போது ஒரு முறை பாருங்கள். குறைந்தால் போடுங்கள், மூடுங்கள், அடுக்களையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். யாரையும் கேட்காதீர்கள். சில நாள் உப்பு கூடும், சில நாள் குறையும். வீட்டில் இருப்பவர்கள் மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொள்ளட்டும். முதல் வாரம் தவிப்பாகத்தான் இருக்கும். தவிப்பு வந்தாலும் திரும்பிப் போய்ப் பார்க்காமல் இருப்பதுதான் இதற்கான பயிற்சி. ரசம் கைவந்த பிறகு வீட்டு அளவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதி வையுங்கள்.

இரவில் அந்தக் காட்சியைப் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். மனம் மரத்துப்போவதற்காகப் பார்ப்பதாக உங்களுக்குத் தோன்றலாம். உண்மையில் ஒவ்வொரு இரவும் அந்தத் தோல்வியை மனப்பாடம் செய்கிறீர்கள். செல்பேசியை இரவில் கூடத்திலேயே வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.

ஊர் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்கிறது என்ற உணர்வுக்கும் ஒரு ஆய்வு உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் மாணவர்களைக் கூச்சமூட்டும் படம் போட்ட பனியனுடன் ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று பனியன் போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசி. 2000-இல் வெளியான ஆய்வு இது. உங்களை உண்மையிலேயே ஊர் பார்த்தது, மறுக்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் அடுத்த விளம்பரத்தில் மறந்திருப்பார்கள். கொழுந்தனார் கதை வேறு. அவரிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும், அவர் தம்பிதானே.

கணவர் பார்த்தது வெட்டி ஒட்டிய சில நிமிடங்களை. அன்று காலை அரங்குக்குள் நுழைந்ததிலிருந்து இரவு விடுதிக்குத் திரும்பியது வரை நடந்ததை அவரிடம் ஒரு முறை முழுதாகச் சொல்லுங்கள். ஆறுதல் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும் என்று முன்பே சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். நம் வீட்டு ஆண்களுக்கு இந்த முன்னறிவிப்பு தேவைப்படுகிறது.

நீங்கள் எழுதியதை வைத்து இதை மனநோய் என்று நான் சொல்லமாட்டேன். எதிலும் பிடிப்பில்லாத நிலை, பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

மறுவீட்டுக்குச் சம்மதம் சொல்லுங்கள். சொதி மட்டும் உங்களுடையது. இஞ்சித் துவையலும் மற்றவையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். தேங்காய் துருவிப் பால் பிழிய இரண்டு பேரைக் கேட்டு வாங்குங்கள். பந்தியில் இலை போட்ட பிறகு முதல் பாலை ஊற்றினால் போதும் என்று பரிமாறுபவர்களிடம் சொல்லி வையுங்கள். அடுக்களைக்குள் செல்பேசியைத் தூக்கிக்கொண்டு யாரும் படம் எடுக்க வரக்கூடாது என்பதை மதினியிடம் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். கல்யாண நாளில் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.