என்ன வரையட்டும் என்று கேட்கும் மகள்

அன்புள்ள அம்மா,

வணக்கம். மும்பை செம்பூரில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. மகளிடம் தாளும் கிரேயானும் கொடுத்தால் முதலில் வருவது "என்ன வரையட்டும்?" என்ற கேள்விதான். நான் கைபேசியில் ஏதாவது படம் தேடிக் கொடுக்கிறேன். பார்த்து வரைகிறாள். அதேபோல் வரவில்லை என்றால் தாளைக் கசக்கிவிட்டு அழுகிறாள். படம் கொடுக்காவிட்டால் இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. வெகுநாளாக இதே படம்தான். எங்கள் கட்டடத்தில் நடக்கும் ஓவிய வகுப்பில் சேர்த்தேன். அங்கே ஆசிரியர் பலகையில் வரைவதைப் பிள்ளைகள் பார்த்து வரைகிறார்கள். பிற்பாடு அரசு ஓவியத் தேர்வு எழுதினால் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்கிறார்கள். மகன் வெறுமனே கிறுக்குகிறான், சுவரையும் விடுவதில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் மாமியாருக்கு அதில் வருத்தம். வீடு சிறியது. மழைக்காலத்தில் பிள்ளைகளை வெளியே அனுப்பவும் முடிவதில்லை. வீட்டில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? வகுப்பைத் தொடரலாமா? என்னென்ன வாங்க வேண்டும்?

எஸ்., செம்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் கேட்பது நல்ல கேள்வி. அதற்கான பதிலைக் கைபேசியில் தேடாதீர்கள் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். முடிந்த படம் ஒன்றை முன்னால் வைத்த உடனே, சரி எது, தவறு எது என்பது குழந்தை பென்சிலைத் தொடும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அந்தப் படத்தை வரைந்தவர் பல வருடம் கை பழகியவர். எட்டு வயதுக் கைக்கு அந்தக் கோடு எட்டாது. தாளைக் கசக்கும்போது அவளுக்கு வருகிற கோபத்தில் நியாயம் இருக்கிறது.

எட்டு, ஒன்பது வயது இதில் கவனமாக இருக்க வேண்டிய பருவம். குழந்தைகளின் ஓவியம் எப்படி வளர்கிறது என்பதை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் அதைப் படிப்படியாகப் பிரித்து எழுதினார். முதலில் கிறுக்கல். பிறகு தலையிலிருந்தே கை கால் முளைத்த மனிதர்கள். பள்ளி தொடங்கும் வயதில் தாளின் அடியில் தரைக்கோடு, மேலே நீலப் பட்டையாக வானம், நடுவே வெள்ளையாக வெற்றிடம். அந்த வயதில் பஸ்ஸை வரைந்தால் பக்கத் தகடு கண்ணாடிபோல் ஆகிவிடும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால்கள்கூடத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதைவிடத் தனக்குத் தெரிந்ததைத்தான் குழந்தை வரைகிறது. ஒன்பது வயதை ஒட்டி, தான் வரைந்ததும் நிஜமும் ஒன்றுபோல் இல்லையே என்று அதற்கே தோன்ற ஆரம்பிக்கிறது. 'எனக்கு வரைய வராது' என்று சொல்லும் பெரியவர்களில் பலர் அந்த வயதில் நிறுத்தியவர்கள்தான். உங்கள் மகள் அந்த வாசலுக்கு வந்துவிட்டாள். இப்போது அவளுக்கு வேண்டியது நிஜத்தைப் பார்க்கும் பழக்கம்.

இரட்டை மலைக்காக அவளைத் திட்ட வேண்டாம். அதுவும் பெஞ்சுக்குப் பெஞ்சு கைமாறி வந்த நகல்தான். இந்தியா முழுக்கப் பிள்ளைகள் அதை வரைகிறார்கள். படத்தைப் பார்த்தபடி, "நம் ஜன்னலில் சூரியன் எந்தக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து வருகிறது?" என்று மட்டும் கேளுங்கள். மறுநாள் காலையில் அவள் பார்ப்பாள். செம்பூரில் ஆலைப் புகைபோக்கிகள் இருக்கின்றன, உயரத்தில் மோனோரயில் பாதை ஓடுகிறது, மொட்டை மாடிகளில் நீல நிறத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூட அவள் படத்தில் இல்லை. அழகான படத்தில் இதெல்லாம் இருக்கலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

கேள்வி சிறியதாக இருக்க வேண்டும். "இயற்கைக் காட்சி வரை" என்றால் மலைதான் வரும். "காலையில் சோறு வைக்கும்போது வருகிற காகத்தின் கழுத்து என்ன நிறம்?" என்று கேளுங்கள். காகம் என்றால் முழுக் கறுப்பு என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் தீட்டுகிறார்கள். நம் ஜன்னலுக்கு வரும் காகத்துக்குக் கழுத்தும் நெஞ்சும் சாம்பல் நிறம். அதைத் தானே கண்டுபிடித்த குழந்தை அடுத்து அலகைப் பார்க்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும் விதத்தைப் பார்க்கும். மாதுங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைவது என் வழக்கம். அங்கே நான் படமே காட்டுவதில்லை. தட்டில் ஒரு பொருளை வைப்பேன். பாதி உரித்த பூண்டு, அறுத்த பாகற்காய், பழைய செருப்பு. "தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரே கோட்டில் வரையுங்கள்" என்பேன். கோணல்மாணலாகத்தான் வரும். எல்லாருக்கும் அப்படி வருவதால் யாரும் அழுவதில்லை. ஆனால் அந்தக் கோணல் கோட்டில் பூண்டின் முடிச்சு சரியாக விழுந்திருக்கும்.

அப்படியானால் பார்த்து வரைவதே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கோலத்தை நாம் எல்லாரும் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். கோலம் கற்றுக்கொள்ளும் பெண் ஒரு விதியைக் கற்றுக்கொள்கிறாள். ஏழு புள்ளியில் தொடங்கி இடுக்குப் புள்ளியாக நான்கு வரை குறைத்துக்கொண்டு போ. சிக்குக் கோலம் என்றால் புள்ளியைத் தொடாதே, சுற்றி வா, தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து முடி. இந்த விதி கையில் வந்துவிட்டால் யாரும் போடாத கோலம் ஒன்றை அவளே போடலாம். கைபேசிப் படம் தருவது ஒரே ஒரு விடையைத்தான். அதை வைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போக வழியில்லை. எதைப் பார்த்து வரைய விடலாம், எதை விடக்கூடாது என்பதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

ஆகவே மாமியாரிடம் கேளுங்கள். வாரத்தில் ஒரு மாலை, சுண்ணக்கட்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஆச்சி பேத்திக்குப் புள்ளி வைக்கச் சொல்லித் தரட்டும். முதலில் ஆச்சி போட்ட கோலம். பிறகு அதே புள்ளிகளில் பேத்தியின் கோலம். மூன்றாவது முறை, உள்ளே ஒரு மீனோ மயிலோ வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. சுவரைப் பற்றிய வருத்தமும் இதில் கொஞ்சம் குறையும் என்று எதிர்பார்க்கிறேன்.

இதே குணமுள்ள இன்னொரு கலை உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. மும்பைக்கு வடக்கே பால்கர் மாவட்டத்தில், டஹாணு பக்கம் வாழும் வார்லி பழங்குடியினரின் ஓவியம். வட்டம், முக்கோணம், சதுரம், இவ்வளவுதான் எழுத்துக்கள். இரண்டு முக்கோணங்களை முனையோடு முனை சேர்த்தால் உடல், மேலே ஒரு வட்டம் வைத்தால் தலை, குச்சிக் கோடுகளாகக் கை கால். செம்மண் பூசிய சுவரில் அரிசி மாவுக் கரைசலால், நுனியை மென்று நார் ஆக்கிய மூங்கில் குச்சியால் வரைந்தார்கள். கல்யாண வீட்டுச் சுவரில் சுமங்கலிகள் வரைந்துவந்த அந்தச் சடங்கு ஓவியத்தை, 1970களில் சடங்குக்கு வெளியே கொண்டுவந்து அன்றாட வாழ்க்கையையே வரைய ஆரம்பித்தவர் ஜிவ்யா சோமா மஷே. 2011இல் பத்மஸ்ரீ பெற்றார், 2018இல் காலமானார். வயல், மீன் வலை, தார்ப்பா என்ற ஊதுகருவியைச் சுற்றிச் சுருளாக ஆடும் கூட்டம் என்று அவர் தன் ஊரை வரைந்தார். உங்கள் மகள் தன் ஊரை வரையட்டும். குர்லா ரயில் நிலையத்தில் மாலை ஆறு மணிக் கூட்டத்தை வார்லி முக்கோணங்களில் வரையச் சொல்லுங்கள். பழுப்பு நிறக் காகிதப் பையைப் பிரித்து விரித்தால் செம்மண் சுவர் ஆயிற்று. அரிசி மாவைக் கொஞ்சம் பசையோடு கலந்தால் வெள்ளை ஆயிற்று. தீக்குச்சி போதும். முகம் வரைய வேண்டியதில்லை, அளவு தப்பாது. ஆனால் யார் ஓடுகிறார், யார் கூடை சுமக்கிறார், யார் படியில் தொங்குகிறார் என்பதை உடம்பின் சாய்விலேயே காட்ட வேண்டியிருக்கும். அதற்கு அவள் பார்த்தே ஆக வேண்டும்.

மழை நாட்களுக்குச் சமையலறை போதும். நான் மிகவும் விரும்புவது மஞ்சள் தாள். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தாள் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். சமையல் சோடாவைக் கரைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் அதன்மேல் வரையச் சொல்லுங்கள். கோடு செங்காவியாக எழும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பாவதும் இப்படித்தான், மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறமி, சோடா, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் பட்டால் நிறம் மாறுகிறது. எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். அதாவது குழந்தைக்கு வரையவும் அழிக்கவும் இரண்டு திரவங்கள். சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா வரும், அதில் எலுமிச்சை பட்ட இடம் இளஞ்சிவப்பாகும்.

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் ஒற்றினால் பூப்போல் விழும். வாழை மட்டையை நறுக்கி ஒற்றினால் வலைபோல் அறைகள் விழும், அதை மீன் வலையாகவோ கட்டடத்து ஜன்னல்களாகவோ மாற்றலாம். மெழுகுவத்தியால் தாளில் சாய்வாகக் கோடுகள் இழுத்து, மேலே நீர்த்த நீலத்தைப் பூசினால் மெழுகு பட்ட இடம் வெள்ளையாக நின்று மழை பெய்யும். அரச இலை, பாதாம் இலை மேல் தாளை வைத்துக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்புகள் எழும். இவை எதையும் "செய்து முடித்த அழகான பொருள்" ஆக்க முயல வேண்டாம். கிடைத்த வடிவம் எதுபோல் இருக்கிறது என்று கேட்டு, அங்கிருந்து பேனாவால் மேலே வரைய விடுங்கள். பாதி வேலை தாளிலேயே இருப்பதால் 'என்ன வரையட்டும்' என்ற கேள்வியே எழாது.

மகனைப் பற்றி. நான்கு வயதுக் கிறுக்கல் வெறும் கிறுக்கல் இல்லை. கை, தோள், கண் மூன்றும் அங்கே ஒன்றாகப் பழகுகின்றன. தாகூர் கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய இடங்களைக் கோடுகளால் இணைத்து விநோத உருவங்களாக்கிக்கொண்டிருந்தவர். அப்படித்தான் அறுபது வயதுக்கு மேல் ஓவியரானார். 1930இல் பாரிஸில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தது. தம்பி கிறுக்கிய தாளில் அக்கா ஒரு கண் வைத்து அதை விலங்காக்கலாம், தம்பி ஒப்புக்கொண்டால். சுவருக்கு வழி, அவன் உயரத்துக்குப் பழைய நாட்காட்டித் தாள்களைப் பின்பக்கமாக ஒட்டி, "இந்தச் சுவர் உன்னுடையது" என்று சொல்வது. இடம் இருந்தால் மற்ற சுவர்களை விட்டுவிடுவான்.

மழை விட்ட ஒரு நாளில் பைகுலா போய்வாருங்கள். குர்லாவில் மாறினால் லோக்கலில் போய்விடலாம். ராணி பாக் மிருகக்காட்சிச் சாலையை ஒட்டி டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம் இருக்கிறது. 1872இல் திறந்தது. அந்தக் காலப் பம்பாய் மனிதர்களை, அவர்களின் தலைப்பாகை, உடை, தொழிலோடு சின்னச் சின்ன மண் பொம்மைகளாக அங்கே வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது, பொம்மை அசையாமல் நிற்கும். புதன்கிழமை மூடியிருப்பார்கள். எல்லாவற்றையும் காட்ட முயல வேண்டாம். ஒரே ஒரு பொம்மையைத் தேர்ந்தெடுத்து, அதன் முன் உட்கார்ந்து வரைந்துவிட்டு வந்தால் போதும்.

வரைந்ததைக் காட்டும்போது "சூப்பர்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்காதீர்கள். "இவர் ஏன் ஓடுகிறார்?" என்று கேளுங்கள். அவள் சொல்வதைத் தாளின் பின்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள். அவள் கோட்டின் மேல் உங்கள் கோடு விழவே கூடாது, அவளே கேட்டாலும்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். ஒரு பக்கம் அச்சான தாள்களும் பழுப்புக் காகிதமும் வீட்டிலேயே சேரும். போஸ்டர் வண்ணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்ற நான்கு புட்டிகள். பச்சையும் ஊதாவும் அவளே கலந்து கண்டுபிடிக்க வேண்டும், அதனால் இருபத்து நான்கு நிறப் பெட்டி வேண்டாம். தடித்த தூரிகை ஒன்று, மெல்லியது ஒன்று. எண்ணெய்ப் பாஸ்டல் ஒரு சிறிய பெட்டி. விலை உயர்ந்த ஓவியப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், பாழாகிவிடுமோ என்ற பயத்தில் பிள்ளைகள் பழைய மலைக்கே போய்விடுவார்கள்.

வகுப்பை நிறுத்திவிடலாம் என்பதே என் கருத்து. மணி முடிந்து வெளியே வரும்போது எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஒரே படம் இருந்தால், அங்கே நடப்பது கைப்பயிற்சி மட்டுமே. அரசு ஓவியத் தேர்வுக்குப் போவது உயர்நிலைப் பள்ளி வயதில்தான். அதில் பொருளைப் பார்த்து வரைய ஒரு தாளும் நினைவிலிருந்து வரைய ஒரு தாளும் உண்டு. காகத்தின் கழுத்தையும் குர்லா கூட்டத்தையும் கவனித்து வளர்ந்த பெண்ணுக்கு அந்த இரண்டும் கடினமாக இருக்காது. அப்போது அவளுக்கு எழுத விருப்பம் இருந்தால், தேர்வுக்கு முந்தைய சில மாதங்கள் மட்டும் ஒரு ஆசிரியரிடம் அனுப்புங்கள்.