பச்சை மீனா, பச்சைக் காயா? கேள்வி பதில்

சிங்கப்பூரில் உணவு நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பச்சையாகச் சாப்பிடுவதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், வந்து குவிந்துவிட்டன. உடல் இளைக்க வழி கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் துறை இல்லை.

கலா, ஈசூன்: அக்கா, சீனப் புத்தாண்டுக்கு ஆபீசில் பச்சை மீனும் காய்கறியும் சேர்த்து யூஷெங் கலக்குவார்கள். மீனைத் தள்ளிவிட்டுக் காய்கறியை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?

கலந்த பிறகு தள்ளி வைத்து என்ன பயன்? மீன் பட்ட சாறு எல்லாவற்றிலும் பட்டிருக்கும். என்ன மீன் என்று கேளுங்கள், அதுதான் முக்கியம். 2015ல் இங்கே உணவங்காடிகளில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள, பச்சை மீனை மெல்லிசாகச் சீவி, நல்லெண்ணெயும் இஞ்சியும் மிளகாயும் போட்டுக் கொடுத்தார்கள். சோங் என்ற கெண்டை வகை, தோமான் என்ற விரால் வகை, இரண்டும் நன்னீர் மீன்கள். அதைச் சாப்பிட்டு ஏறக்குறைய 150 பேருக்கு பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தது. வழக்கமாகப் பச்சிளம் குழந்தைகளையும் முதியவர்களையும் தாக்கும் கிருமி, அந்த முறை திடகாத்திரமான ஆட்களையும் படுக்கவைத்தது. சிலருக்கு மூளையுறை வரை போனது. அந்த டிசம்பரில் உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்தது. எனவே யூஷெங்கில் முறையாகக் கையாண்ட கடல் சால்மன் என்றால் சாப்பிடுங்கள். ஆற்று மீன், குளத்து மீன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

செந்தில்: எலுமிச்சம்பழம் பிழிந்தால் மீன் வெந்துவிடும் என்கிறார்களே?

வெளுக்கும், வேகாது. கடல் மீனில் இருக்கும் அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு அந்தப் புளிப்பில் சாகாது.

ரஃபீக்: அப்போ வீட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்துச் சாப்பிட்டால்?

புழு சாக மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஐஸ்கிரீமுக்காகப் பிள்ளைகள் திறந்து மூடும் வீட்டுப் பெட்டி அந்தக் குளிரில் நிற்காது. அப்புறம் ஒன்று, இதை இன்னும் பல தடவை சொல்வேன்: உறைய வைப்பது புழுவுக்கு மருந்து, பாக்டீரியாவுக்குத் தூக்கம்தான்.

மீனாட்சி, செரங்கூன்: நாங்கள் சுத்த சைவம். தினமும் முளைகட்டிய பயறும் வெந்தயமும்தான். எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, சரிதானே?

அம்மா, இன்று வந்ததிலேயே என்னைப் பயமுறுத்திய கேள்வி உங்களுடையதுதான். 2011ல் ஜெர்மனியை உலுக்கிய ஈ.கோலை ஓ104 என்ற குடல் பாக்டீரியாவின் பரவலில் ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றார்கள், 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது பழி போட்டார்கள். விவசாயிகள் டன் கணக்கில் கொட்டி அழித்தார்கள். கடைசியில் மாட்டியது வெந்தய முளை. எகிப்திலிருந்து வந்த விதை. கண்டுபிடிக்கத் தாமதமானதற்கு ஒரு காரணம், சாலட் மேல் தூவியிருந்த முளையைச் சாப்பிட்டது நோயாளிகள் பலருக்கு நினைவிலேயே இல்லை.

விதைத் தோலின் கீறலில் நாலு கிருமி ஒட்டியிருந்தால் போதும். ஈரம், இளஞ்சூடு என்று முளைக்கு நீங்கள் கொடுப்பதெல்லாம் அதற்கும் கிடைக்கிறது. உள்ளே போய்விட்டால் கழுவியும் வராது. முளைகட்டுங்கள், நன்றாக வேகவைத்துத் தாளித்துச் சாப்பிடுங்கள்.

மணி, தோ பாயோ: மீனை விடக் கீரைதான் ஆபத்து என்கிறீர்களா? ஆதாரம்?

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தினர் 1998 முதல் 2008 வரையிலான பரவல்களை வைத்துக் கணக்கிட்டபோது, உணவால் வந்த நோய்களில் 46 விழுக்காடு காய், பழம், கொட்டை வகைகளால். மீன், இறால், சிப்பி எல்லாம் சேர்த்தே சுமார் 6.

மணி மறுபடியும்: அவர்கள் சாலட்டைத் தினம் தின்கிறார்கள், மீனை எப்போதாவது. வகுத்துப் பாருங்கள்!

வகுக்கத்தான் வேண்டும். நோயாளிகள் எந்தத் தட்டிலிருந்து வருகிறார்கள் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஒரு கவளத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்லாது. அதில் சமைத்த மீனும் சமைத்த காயும்கூட அடக்கம்.

இடையில் புகுந்த ஜோசப்: மணி சொல்வது சரி. ஒரு கவளம் என்று பார்த்தால் பச்சைச் சிப்பிதான் முதலிடம்.

சிப்பியைப் பற்றி ஜோசப்போடு சண்டை இல்லை. கடல்நீரை வடிகட்டித் தின்னும் பிராணி, நோரோவைரஸ், விப்ரியோ என்ற கிருமிகள் எல்லாம் அதற்குள் சேரும். கல்லீரல் நோயுள்ளவர்கள் பச்சைச் சிப்பி பக்கமே போகக்கூடாது. ஆனால் மணி, கீரை விஷயத்தில் என்னைக் கவலைப்படுத்துவது வேறு. மீனுக்கு உறைய வைத்தல் என்று ஒரு கட்டமாவது உண்டு. சாலட்டில் போடும் லெட்டூஸ் கீரைக்கு என்ன இருக்கிறது? கால்வாய்த் தண்ணீர், பிறகு உங்கள் தட்டு. 2018ல் அரிசோனாவின் யூமா பக்கம் விளைந்த ரோமைன் லெட்டூஸால் 210 பேர் நோயுற்றார்கள், 5 பேர் இறந்தார்கள். அந்தக் கிருமி பாசனக் கால்வாயில் இருந்தது. குழாய் நீரில் அலசினால் மண் போகும், கிருமி குறையும், தீராது.

பெயர் வேண்டாம்: ஆறு மாதக் கர்ப்பம். பச்சை மீன் வைத்த சுஷி கூடாது, தர்பூசணி பரவாயில்லை என்கிறார்கள்.

சுஷியை விடுங்கள், புகையூட்டிய சால்மனையும் விடுங்கள். பழத்தை முழுதாக வாங்கி, தோலைக் கழுவி, வெட்டியவுடன் சாப்பிடுங்கள். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா பிரிட்ஜுக்குள்ளும் வளரும். 2011ல் அமெரிக்காவில் முலாம்பழம் வழியாக 33 பேரைக் கொன்றது அதுதான். மற்றதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

திவ்யா: வினிகர் ஊற்றினால்?

செந்திலுக்குச் சொன்னதே.

பாலா: சூரை மீனை நன்றாக வறுத்துத்தான் சாப்பிட்டேன். அரை மணியில் முகம் சிவந்து தலை வலித்தது. அலர்ஜியா?

ஹிஸ்டமின் என்ற நச்சாக இருக்கலாம். பிடித்த மீன் வெயிலில் கிடந்தால் அதில் இந்த நச்சு ஊறிவிடும், அப்புறம் வறுத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. சூரை, கானாங்கெளுத்தி வாங்கும்போது ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள். மறுபடி வந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனை.

சுரேஷ்: அக்கா, சுஷிக்குக் காரமாக வைக்கும் வசாபி தொட்டுக்கொண்டால் கிருமி செத்துவிடும்தானே?

சுரேஷ், மேலே போய் செந்திலைப் பாருங்கள். திவ்யாவும் அங்கேதான் இருக்கிறார்.