காலையில் அரைக்கம்பம், மத்தியானம் கொண்டாட்டம்

கேள்வி: சென்ற இதழில் ஜூலை 1 பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். கனடாவின் சுதந்திர தினத்தைப் பற்றி எழுத வந்த இடத்தில், ஏதோ ஒரு போரில் செத்தவர்களையும் சீனர்களைத் தடுத்த சட்டத்தையும் எதற்குக் கொண்டுவந்து சேர்த்தீர்கள்? ஒரே தேதியில் விழுந்தது வெறும் தற்செயல்தானே? நம்மை வாழவைத்த நாடு. நல்ல நாளில் நல்லதை மட்டும் சொன்னால் என்ன? அடுத்த வருடமாவது அவற்றை நீக்கிவிடுங்கள்.
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: முதலில் ஒரு திருத்தம். ஜூலை 1 கனடாவின் சுதந்திர தினம் அல்ல. 1867-ல் அன்று ஒன்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் என்ற நான்கு மாகாணங்கள் சேர்ந்து ஒரே ஆட்சியின் கீழ் வந்தன. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது, அவ்வளவுதான். சட்டம் இயற்றும் அதிகாரம் பெரும்பாலும் கைக்கு வந்தது 1931-ல். அரசியலமைப்பைத் தாங்களே திருத்திக்கொள்ளும் உரிமை 1982-ல்தான் முழுமையாகக் கிடைத்தது. ‘கனடா தினம்’ என்ற பெயரும் அதே 1982-ல் வந்தது. அதுவரை ‘டொமினியன் தினம்’.

அந்த முதல் ஜூலை 1-லேயே எல்லோரும் கொண்டாடினார்கள் என்று நினைக்காதீர்கள். நோவா ஸ்கோஷியாவில் பல வீடுகளில் கறுப்புத் துணி தொங்கியது. தங்கள் மாகாணம் நேற்றிரவு பன்னிரண்டு மணிக்குக் காலமாகிவிட்டது என்று ஹாலிஃபாக்ஸ் நாளிதழ் ஒன்று மரண அறிவித்தல் போலவே அச்சிட்டது. இரண்டு மாதம் கழித்து நடந்த தேர்தலில் அந்த மாகாணத்தின் 19 இடங்களில் 18-ஐ இணைப்பை எதிர்த்தவர்களே பிடித்தார்கள். அந்த நாளில் துக்கம் முதல் வருடத்திலிருந்தே இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்த்ததில்லை.

அடுத்து, “ஏதோ ஒரு போர்” என்றீர்கள். இதை நீங்கள் கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் நின்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.

1916 ஜூலை 1, முதல் உலகப் போரில், பிரான்சில் நடந்த சோம் நதிப் போரின் முதல் நாள். போமோன்-ஹாமெல் என்ற சிற்றூருக்கு எதிரே நியூஃபவுண்ட்லாந்துப் படை காத்திருந்தது. அன்றைக்கு நியூஃபவுண்ட்லாந்து கனடாவின் பகுதியே இல்லை. மீன்பிடியை நம்பி வாழ்ந்த, இரண்டரை லட்சம் பேர்கூட இல்லாத தனி ஆட்சிப் பகுதி. காலை ஏழரைக்குப் போன முதல் அணிகள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. முன்வரிசைக்குப் போகும் குறுக்குப் பள்ளங்களில் பிணங்களும் காயம்பட்டவர்களும் அடைத்துக் கிடந்ததால் வழியில்லை. அதனால் ஒன்பதே கால் மணிக்கு, பின்னாலிருந்த பதுங்குகுழியிலிருந்தே மேலேறித் திறந்த வெளியில் நடந்தார்கள். அந்தக் குழிக்கு ஊர் நினைவாக ‘செயின்ட் ஜான்ஸ் சாலை’ என்று பெயர். தங்கள் பக்கத்து முள்வேலியை எட்டவே இருநூறு மீட்டருக்கு மேல் போகவேண்டும். வேலியில் விட்டிருந்த இடைவெளிகளைக் குறிவைத்து எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள் ஏற்கெனவே காத்திருந்தன.

பார்த்தவர்கள் சொன்ன ஒன்று எனக்கு மறக்காது. அந்தப் பையன்கள் முகவாயைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி முன்னே போனார்களாம். சொந்த ஊரில் பனிப்புயலுக்கு எதிராக வீட்டுக்கு நடக்கும்போது எப்படி நடப்பார்களோ, அப்படியே. உடம்புக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அதுதான். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஏறக்குறைய 800 பேர் போனார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் ஏயர் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு அதிகாரிகள் அந்த ஒரு நாளில் மாண்டார்கள்.

அப்புறம் அந்தத் தீவு 1949-ல் கனடாவோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய வருடம் நடந்த வாக்கெடுப்பில் சேரலாம் என்றவர்கள் சுமார் 52 சதவீதம்தான். சேர்ந்ததும் என்ன ஆயிற்று? அவர்களுடைய சாவு நாள், அவர்களுடைய புது நாட்டின் பிறந்த நாளாகவும் ஆகிவிட்டது. யாரும் திட்டமிட்டதல்ல, அந்தத் தேதி அப்படி விழுந்தது தற்செயல் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பாருங்கள். ஜூலை 1 காலையில் அங்கே கொடி அரைக்கம்பத்தில். சட்டையில் ‘மறவாதே’ என்று பொருள்படும் பெயர் கொண்ட சின்ன நீலப்பூ. போர் நினைவகத்தில் மலர்வளையம். மத்தியானத்துக்கு மேல்தான் கொடி உயரும், கனடா தினக் கொண்டாட்டம் தொடங்கும். ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ள அவர்களுக்கு முடிகிறது. அந்த நினைவகத்தை 1924-ல் ஜூலை 1 அன்றுதான் திறந்தார்கள். சரியாக நூறு வருடம் கழித்து, 2024 ஜூலை 1 அன்று, பிரான்சிலிருந்து கொண்டுவந்த பெயர் தெரியாத ஒரு நியூஃபவுண்ட்லாந்து வீரரின் உடலை அங்கே அடக்கம் செய்தார்கள். இவை தற்செயல் அல்ல, நாள் பார்த்து வைத்தவை.

“நம்மை வாழவைத்த நாடு” என்றீர்கள். உண்மை, நானும் அதை நன்றியோடுதான் சொல்வேன். 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர் அட்லாண்டிக் மூடுபனியில் தத்தளித்தபோது, முதலில் கண்டு உதவிக்கு வந்தது இந்த நியூஃபவுண்ட்லாந்தின் மீன்பிடிப் படகுதான். அந்த மீனவர்களின் துக்க நாளைக் குறிப்பிட்டால் நம் நன்றி எந்த வகையில் குறைந்துபோகும்?

இனி சீனர்கள். இது எந்த வகையிலும் தற்செயல் கணக்கில் வராது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். மேற்கே மலைகளைக் குடைந்து கனடிய பசிபிக் ரயில் பாதை போட ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். 1885-ல் பாதை முடிந்தது. அதே வருடம் இனி உள்ளே வரும் ஒவ்வொரு சீனருக்கும் 50 டாலர் தலைவரி. 1900-ல் அது நூறு, 1903-ல் ஐந்நூறு. அப்படியும் வந்தார்கள். அதனால் 1923 ஜூலை 1 முதல் அடியோடு கதவைச் சாத்தினார்கள். தூதர்கள், வணிகர்கள், மாணவர்கள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகையினரைத் தவிர யாரும் வரக்கூடாது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள், கனடாவிலேயே பிறந்த குழந்தைகள் உட்பட, ஒரு வருடத்துக்குள் அரசிடம் பதிவு செய்து, புகைப்படம் ஒட்டிய அட்டை வாங்கவேண்டும்.

அந்தச் சட்டம் குடும்பத்துக்குள் என்ன செய்தது என்று யோசியுங்கள். வான்கூவர் சலவைக் கடையில் வேலை செய்யும் ஒருவர் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடிக்கலாம். மனைவியைக் கூட்டிவர முடியாது. இரண்டு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் தானும் உள்ளே வர முடியாது. வருடக் கணக்கில் பணமும் கடிதமும் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அப்பாவைப் படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஒரு தலைமுறையே உண்டு. 1947-ல் சட்டத்தை எடுக்கும்வரை, அந்த 24 வருடத்தில் உள்ளே விடப்பட்ட சீனர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு என்கிறார்கள். சீனர்கள் ஜூலை 1-ஐ ‘அவமான தினம்’ என்று அழைத்தார்கள். ஊரெல்லாம் ஊர்வலம் போகும்போது தங்கள் கடைகளை மூடி வைத்தார்கள்.

குடும்பத்தைக் கூப்பிட ஸ்பான்சர் விண்ணப்பம் போட்டுவிட்டு, தபால்காரர் வரும் நேரம் பார்த்துக் கதவருகே நின்ற அனுபவம் நம் வீடுகளில் எத்தனை பேருக்கு உண்டு! நமக்குக் கடைசியில் பதில் வந்தது. அவர்களுக்கு விண்ணப்பம் போடவே வழியில்லை. இதைப் படித்துப் பதற வேண்டியவர்கள் முதலில் நாம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2006-ல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று தலைவரிக்காக மன்னிப்புக் கேட்டார். சட்டம் வந்து நூறு வருடம் ஆன நாளில், 2023 ஜூலை 1 அன்று, வான்கூவர் சைனாடவுனில் சீனக் கனடியர் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். முதல் கண்காட்சியே அந்தச் சட்டத்தைப் பற்றியது. அந்த வீடுகளில் பெட்டிக்குள் கிடந்த பழைய அட்டைகளை வெளியே எடுத்து வைத்தார்கள். அவர்களே மறைக்காததை நாம் ஏன் மறைக்கவேண்டும்?

நல்லதை எழுதவில்லை என்ற குறையும் சரியல்ல. 1962 ஜூலை 1-ல் சஸ்காட்செவனில் எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு தொடங்கியதையும், அதை எதிர்த்து டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் அது நிலைத்ததையும் அதே குறிப்பில் எழுதியிருந்தோம். இன்று நீங்கள் சுகாதார அட்டையை நீட்டி வைத்தியம் பார்ப்பதன் தொடக்கம் அது. 1980-ல் ‘ஓ கனடா’ அதிகாரபூர்வ தேசிய கீதமானதும் ஜூலை 1-ல்தான்.

நீக்கச் சொன்னீர்கள். நீக்க மாட்டேன். ஆனால் அந்தக் குறிப்பில் விட்டுப்போன ஒன்று உண்டு, அது என் தவறு. அடுத்த வருடம் அதையும் சேர்ப்பேன். இந்த மண்ணின் முதல் குடிகளில் பெரும்பாலோர் கனடாவின் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டுமானால், சட்டம் அவர்களுக்குத் தந்திருந்த பூர்வகுடித் தகுதியையும் உடன்படிக்கை உரிமைகளையும் கைவிட வேண்டியிருந்தது. அந்த நிபந்தனை நீங்கி, அவர்கள் அவர்களாகவே இருந்து ஓட்டுப் போடலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1960 ஜூலை 1. நாடு பிறந்து, நாள் பிசகாமல், 93 வருடம் கழித்து.